பன்னிரண்டாவது கேள்வி

பன்னிரண்டாவது கேள்வியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. காரணம் எதுவும் எழுதவில்லை.

"பாத்தீங்களா சார்? ஆள் பயந்துட்டார்!"

நிருபர் அந்தத் தாளை ஆசிரியரின் மேஜையில் தட்டி வைத்தாள்.

கல்வி அமைச்சரின் பேட்டி அது. அச்சுக்குப் போகும் முன்பு ஒருமுறை காட்டிவிடுவது என்று பேச்சு. அந்த நிபந்தனையின் பேரில்தான் அவர் சம்மதித்தார். மொத்தம் பதினைந்து கேள்விகள். கட்சி மாறியது, மகனுக்குப் பதவி வாங்கிக் கொடுத்தது, டிவி விவாதத்தில் பாதியில் எழுந்து போனது என்று அவள் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

"மகன் விஷயத்துலயே கை வைக்கலையே. இதுல மட்டும் என்ன பயம்?" என்றார் ஆசிரியர்.

"அதான் சார் பாயிண்ட்டே. இதுல பெருசா ஏதோ இருக்கு."

"படிங்க, கேப்போம்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'பள்ளிக் குழந்தைகளுக்கு என்று நீங்கள் வாங்கிய டேப்லெட்கள் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடங்கில் கிடந்தனவே? படிக்க வேண்டியது பிள்ளைகளா, எலிகளா?'"

லேஅவுட்காரர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "எலிகளா! அடடா. சொந்தமா யோசிச்சதா மேடம்?"

"பழைய பேப்பர் கட்டிங் ஒண்ணு போன்ல சுத்திட்டிருந்துச்சு. சட்டசபையில யாரோ கேட்டிருக்காங்க. அதையே தூக்கி இவர் தலையில போட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வாயே திறக்கலை. என்னையே பாத்தார். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சார். 'அடுத்த கேள்விக்குப் போகலாமா அம்மா'ன்னார்."

அமைச்சர் தண்ணீர் குடித்த செய்தி பேட்டி எடுத்த அன்றே அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. மாலைக்குள் அது மூன்று டம்ளராகியிருந்தது. கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது.

ஆசிரியர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கவலை அவருக்கு. இந்த இரண்டு மாதத்தில் அவள் எழுதியதற்காக இரண்டு முறை 'திருத்தம்' வெளியிட்டு வருத்தம் தெரிவித்தாகிவிட்டது. ஒருமுறை ஓர் ஓவியரை 'மறைந்த' என்று எழுதிவிட்டாள். ஓவியரே போன் செய்து விசாரித்தார்.

"இன்னொரு திருத்தம் வந்துச்சுன்னா, உங்களை வச்சுக்க முடியாதும்மா. எனக்கு வேற வழியில்லை" என்று ஆசிரியர் அன்றே சொல்லிவிட்டார்.

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பேட்டியன்று அமைச்சர் வீட்டில் காத்திருந்தபோது அக்காவுக்குப் போன் போட்டு, "இதுலயும் சொதப்பினேன்னா வேலை போயிடும்க்கா. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று கொஞ்சம் சத்தமாகவே புலம்பினாள்.

இன்று அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை.

"இதைத் தனியா கட்டம் கட்டிப் போடணும் சார். 'அமைச்சர் அடித்த கேள்வி'ன்னு தலைப்பு."

"காட்டறோம்னு வாக்கு கொடுத்திருக்கோமேம்மா."

"காட்டறோம்னுதானே சார் சொன்னோம்? கேக்கறோம்னு சொன்னோமா?"

லேஅவுட்காரர் அதற்குள் கட்டம் கட்டி முடித்திருந்தார். மூலையில் ஓர் எலியையும் வைத்துவிட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு சார்." கைப்பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்தாள். மேலே 'நிருபர் பார்வைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. "தாளோட சேத்து அவர் டிரைவர் தனியா என் கையில கொடுத்தார். நான் பிரிக்கவே இல்லை."

நான்கு பேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். பத்திரிகை ஆபீஸில் கவர் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அப்படியே திருப்பி அனுப்பிடுங்க" என்றார் ஆசிரியர்.

"மாட்டேன் சார். நாளைக்கு நான் வாங்கிக்கிட்டேன்னு பேர் வரும். எல்லார் முன்னாடியும் நீங்களே பிரிங்க. உள்ள எவ்வளவு இருக்கோ அதையும் கட்டத்துல போடுவோம்."

லேஅவுட்காரர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

ஆசிரியர் பிரித்தார். தலைகீழாக உதறினார். விழுந்தது ஒரே ஒரு தாள்.

"லெட்டர்தான் இருக்கு."

"படிங்க சார். நல்லா சத்தமாப் படிங்க."

ஆசிரியர் படித்தார்.

"'அம்மா, அந்த டேப்லெட்களை வாங்கியது எனக்கு முன்னால் இருந்த அமைச்சர். நான் அப்போது எதிர்க்கட்சி. அந்த எலிக் கேள்வியைச் சபையில் கேட்டதே நான்தான். அதை நீங்கள் என்னிடமே கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் தண்ணீர் குடித்தேன்.'"

லேஅவுட்காரர் போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"'நீங்கள் வெளியே போனில் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது. இது அச்சில் வந்தால் உங்கள் வேலை போய்விடும். காரணம் எழுதினாலும் போய்விடும். அதனால் வெறுமனே அடித்துவிட்டேன். நான் பயந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்.'"

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்து கையை நீட்டினாள். "சார்... போதும் சார். குடுத்துடுங்க."

ஆனால் வாசிக்கிற வேகத்தில் ஆசிரியர் கடைசி வரிக்குப் போயிருந்தார். அதையும் சத்தமாகவே படித்துவிட்டார்.

"'படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் ஆசிரியர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.'"