இடது பெடல்

ஏறி உட்கார்ந்ததுமே சீட் அவளோடு சேர்ந்து கீழே இறங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். சைக்கிளைக் கொல்லைச் சுவரில் சாய்த்தாள்.

"நேத்து நல்லாத்தானே இறுக்கினேன்?" மாமனார் தலையைச் சொறிந்தார். "இன்னும் ரெண்டு நாள் குடும்மா."

இந்த 'ரெண்டு நாள்' அனுமார் வாலாக நீண்டுகொண்டே போனது. முதலில் செயின் தளர்ந்தது. பிறகு பிரேக் கம்பி கழன்றது. அப்புறம் முன்சக்கரத்து நட்டு எங்கேயோ உருண்டு போய்க் கண்ணிலேயே படவில்லை. வேலையோ திங்கட்கிழமை தொடங்குகிறது.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மாடிக்கும் தரைக்கும் நடுவே மனிதர்களைப் பத்திரமாகத் தொங்கவிட்டவர். அவர் கைக்கு ஒரு சீட் நட்டு நிற்காது என்றால் யார் நம்புவார்கள்?

அவள் குள்ளம். கடைச் சைக்கிள் எதிலும் கால் எட்டாது. அதனால் அவரே பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அந்தக் காலத்துப் பிரேம்கள் இரண்டைத் தூக்கி வந்தார். ஒன்று பெண்கள் சைக்கிள். பின்பக்கம் துருவேறி இற்றுப்போயிருந்தது. மற்றது பந்தய சைக்கிள். எதிலோ மோதி முன்பக்கம் கோணியிருந்தது. அதில் பாதி இதில் பாதி அறுத்து, குழாய்களைக் குறைத்து, பற்றவைத்து, ஒட்டிய இடம் தெரியாமல் அரத்தால் தேய்த்தார். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது சைக்கிள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

எக்ஸ்ரே எடுப்பது அவள் தொழில். வெளியூரில், புதிதாகத் திறந்த மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. தங்கும் அறை அங்கிருந்து வெகுதூரம். விடியற்காலை ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது. "சைக்கிள் முடியட்டும், எடுத்துக்கிட்டுப் போ" என்று சொன்னதே மாமனார்தான்.

இப்போது அவர்தான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"போறவ சட்டுபுட்டுனு போக வேண்டியதுதானே?" அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இங்க யாரு கையைப் பிடிச்சு இழுக்கறா?"

மாமியார் எப்போதும் அப்படித்தான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பெற்ற மகன் இன்னொருத்தியோடு போய்விட்டான் என்று தெரிந்த அன்றுகூட அவர் அழவில்லை. அவன் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்தார். உள்ளே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மருமகளிடம், "எழுந்து வந்து சாப்பிடு" என்றார். அதோடு சரி. அந்தப் பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவே இல்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது நட்டும் போல்ட்டும் தானே வாங்கி வந்து, தானே முடுக்கிவிடுவது என்று செருப்பை மாட்டினாள். நடையா ஓட்டமா என்று தெரியாத வேகத்தில் தெருவைக் கடந்தாள்.

சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

திரும்பி, வீட்டின் பின்பக்கச் சந்து வழியாக வந்தாள். கொல்லைக் கதவை நெருங்கும்போது உள்ளே ஸ்பானர் சத்தம்.

கையும் களவுமாக மாட்டினார் மாமா என்று நினைத்தாள். கேட்க வேண்டியவை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

சைக்கிள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது மாமியார்.

இரண்டு கையிலும் கிரீஸ். நெற்றியில்கூட ஒரு கோடு. இடது பெடலில் ஸ்பானரைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. எழுந்து நின்று, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டுத் திருகினார். கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கச் சுத்தமான கை இல்லை; தோளில் தேய்த்துக்கொண்டார்.

சைக்கிளுக்கு அந்தப் பக்கம், அது சாய்ந்துவிடாமல் ஹேண்டில்பாரை இரு கையாலும் பிடித்தபடி மாமனார் நின்றிருந்தார்.

"அப்படித் திருப்பினா இன்னும்தான் இறுகும்" என்றார் தணிந்த குரலில். "இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். இந்தப் பக்கமா திருப்பு."

அவள் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். சந்து முனைவரை போனாள். நிற்க முடியாமல் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். நாக்கு நுனியில் இருந்தவற்றையெல்லாம் விழுங்கினாள்.

பிறகு முன்பக்கம் சுற்றி வந்து, தாழ்ப்பாளை வேண்டிய மட்டும் ஆட்டிச் சத்தப்படுத்திவிட்டு உள்ளே நுழைந்தாள்.

மாமியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இப்ப பெடல் வேற கழண்டுக்கிச்சும்மா."

"பரவாயில்ல மாமா. ஞாயித்துக்கிழமை நான் கிளம்புறேன். அங்க நடந்தே போய்க்கிறேன்." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "சைக்கிள் இங்கயே இருக்கட்டும். லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து, எது வரைக்கும் முடிஞ்சிருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

மாமனாருக்கு என்னவோ போலாகிவிட்டது. "எதுக்கும்மா நடக்கணும்? இந்தா, இப்ப உக்காந்தா ஒரு மணி நேரத்துல…"

"நீங்க சும்மா இருங்க" என்றார் மாமியார். "அவ்வளவு சீக்கிரம் முடியற வேலையா அது?"