காரைவிட்டு இறங்காதவள்

"இன்னிக்கும் உள்ள வரல பாத்தியா?"

கடையின் கண்ணாடி ஜன்னல் வழியே வெளியே கை காட்டினாள் கெய்ல்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாக் குளிர். பனி தூறிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற காருக்குள் மார்லிஸ், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பறக்கவிடும் மண்தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள் அவள். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் இந்தக் கடையில் சுடச்சுடக் கேரமல் ரோல் என்னும் இனிப்பு பன் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மார்லிஸும் பின்னாலேயே காரில் வருவாள். இறங்க மட்டும் மாட்டாள்.

"வீட்டுக்காவது போய்த் தொலையலாம்ல? நாம திங்கறத வேடிக்கை பாக்க வர்றா," என்றார் டுவேன்.

"நம்மகூட உக்காந்தா மகாராணிக்குக் கிரீடம் எறங்கிடும்!"

"சுடறது பத்துக்கு ரெண்டு. பந்தா மட்டும் பத்துக்குப் பத்து!"

மேசையே குலுங்கியது. ஆரினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளைக் குழுவில் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

"இருங்க, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினாள்.

"மார்லிஸ், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். எங்க சகவாசம் பிடிக்கலேன்னா அடுத்த வாரத்திலேருந்து வரவேணாம்."

அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயையோ! அப்படியா நெனச்சுட்டீங்க? பின்னாடி துப்பாக்கி இருக்குங்க. அதைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"ஏன், குண்டு கிண்டு போட்டு வெச்சிருக்கீங்களா?"

"சேச்சே! குண்டையெல்லாம் எடுத்துத் தனியா வெச்சு, பெட்டியையும் பூட்டியாச்சு. ஆனா திருடறவன் பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவானே! நாளைக்கு அது எவன் கையில இருக்குமோ, யார் நெஞ்சுக்கு நேரா நீளுமோ!"

ஆரின் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா! எங்க துப்பாக்கியெல்லாம் வண்டியில சும்மாதானே கெடக்கு. நாங்க என்ன, காவலுக்கு ஆளா போட்டிருக்கோம்?"

"தெரியும். போன வாரம் ஒருத்தன் உங்க வண்டிக் கதவைத் திறந்தே பாத்துட்டான். நான் ஹாரன் அடிச்சதும் எடுத்தான் ஓட்டம்!"

ஆரினின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நேத்து வந்தவ நான். உங்களுக்குப் பாடம் எடுத்தா நல்லாவா இருக்கும்?" கூச்சத்தோடு சிரித்தாள். "எனக்கென்ன, நேரா வீட்டுக்கே போயிடலாம். நீங்க எல்லாரும் நிம்மதியாச் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் உங்க வண்டிங்களைப் பாத்துக்கத்தான் இங்க உக்காந்திருக்கேன்."