ஏழு தலைகள்

"இங்க வராதீங்க! அங்க போங்க!"

தையல்காரர் இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார். மோட்டார் சத்தத்தில் அது எங்கே கேட்கப் போகிறது? மனிதர் தவித்துப்போய்க் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் படகோட்டி வேகத்தைக் கூட்டினார்.

படகு நேராக அவருடைய மொட்டை மாடியை நோக்கி வந்தது.

எதிர்வீட்டு மாடியில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், அவருடைய மகள். பக்கத்தில் நாற்பது நாள் குழந்தை. இரண்டு நாளாகத் தூங்காதவள் இப்போதுதான் அசந்திருந்தாள்.

அந்த வீட்டின் பக்கச் சுவரில் காலையில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த விரிசல். இப்போது கையே நுழையும்.

மகளைக் கட்டிக் கொடுத்தாலும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அவரே பார்த்துப் பிடித்துக் கொடுத்த வாடகை வீடு அது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. நடுவில் பன்னிரண்டு அடித் தெரு. மூன்று நாளாக அது தெரு இல்லை. ஆளை இழுத்துக்கொண்டு போகும் வெள்ளம்.

முதல் நாள் ஹெலிகாப்டர் வந்தது. கும்பலாக ஆள் நின்ற மாடிகளில் மூட்டை மூட்டையாகச் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. ஒருவர், இருவர் நின்ற மாடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பச்சை உடம்புக்காரி. அவள் சாப்பிட்டால்தான் குழந்தைக்குப் பால்.

மறுநாள் விடிந்ததும் தையல்காரர் ஒரு வேலை செய்தார். தண்ணீர் ஏறியபோது கடையிலிருந்து மேலே தூக்கி வந்திருந்த ஆளுயரப் பொம்மைகள் ஐந்துக்கும் சட்டை, சுடிதார் மாட்டினார். கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிறுத்திக் கட்டினார்.

"உங்களைவிட இதுங்க நல்லா விறைப்பா நிக்குதுங்க," என்றாள் மனைவி. மூன்று நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பலித்தது. ஒரு முழு மூட்டை விழுந்தது. பொட்டலங்களைக் கொடிக்கயிற்றில் கட்டி எதிர்மாடிக்கு வீசினார், மகள் இழுத்துக்கொண்டாள். கூடவே கடை வாசலில் கட்டும் தார்ப்பாயையும் அனுப்பினார்.

"புள்ள நனையுது பாரும்மா. இதைக் கட்டிட்டு உள்ளயே இரு. வெளிய தலை காட்டாத."

சொன்ன பேச்சைத் தட்டாத பெண்.

படகு சுவரை உரசி நின்றது. உயிர்காப்புச் சட்டை போட்ட தொண்டர், பாலிதீன் உறைக்குள் இருந்த பட்டியலைப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் ஹெலிகாப்டரிலிருந்து தலை எண்ணி எழுதிய பட்டியல். தலை அதிகமுள்ள மாடிக்கு முதல் படகு.

"ஏழு பேர்தானே? பொம்பளைங்க முதல்ல இறங்குங்க. சீக்கிரம்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். வரிசையாக நின்றவர்களின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். ஒருவரும் கண் சிமிட்டவில்லை. ஒருவருக்கு மூக்கில் வண்ணம் உரிந்திருந்தது.

"என்ன பெரியவரே இது! விளையாடுற நேரமா?"

"அப்புறமா நாலு அறை அறைஞ்சுக்குங்க தம்பி, வாங்கிக்கிறேன். இப்ப படகைத் திருப்புங்க. உங்க கால்ல..."



பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈர மூட்டை சரிந்த மாதிரிதான் கேட்டது. எதிர்வீடு பக்கவாட்டில் மடங்கி உட்கார்ந்தது. நீலம் ஒரு கணம் தண்ணீரின் மேல் விரிந்தது. சுழித்தது. போய்விட்டது.

எழும்பிய அலை படகைத் தூக்கிச் சுவரில் அடித்தது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தையல்காரர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நீலம் போன பக்கமே பார்த்தார்.

தொண்டர் படகின் விளிம்பைப் பிடித்துச் சமாளித்தார். அவசரமாகப் பட்டியலில் விரலை ஓட்டினார். ஒரு வரியில் நிறுத்தினார். நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

"பயந்துட்டீங்களாய்யா?" கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டி, தையல்காரரின் தோளைத் தொட்டார். "அந்த வீட்டுக்கு நேரா சைபர் போட்டிருக்கு. நல்லவேளை, அங்க யாரும் இல்ல."