மூன்றாவது காயில்

“வண்டியா இது? மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்குது. சிக்னல்ல நின்னா குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குது. நான் வெளியூர் போறதுக்கு முந்தின வாரம்தானே உன்கிட்ட சர்வீஸுக்கு விட்டேன்?”

மச்சான் போட்ட சத்தத்தில், ஒர்க்‌ஷாப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

மெக்கானிக் பானட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மூணாவது காயில் போயிருக்கு சார். ப்ளக்குக்கு கரண்ட் சரியாப் போகலை. அதான் ஒரு சிலிண்டர் வேலையே செய்யலை.”

“அதுவா போச்சா, நீ போக வச்சியா? நல்ல காயிலைக் கழட்டிக்கிட்டு, எவன் வண்டியிலயோ செத்துக் கிடந்ததைக் கொண்டுவந்து என் தலையிலே கட்டியிருக்கே!”

பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை, அதாவது மச்சானின் தங்கை புருஷன், பானட்டிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அந்த எவன், அவன்தான்.

போன மாதம் அவன் வண்டியும் இப்படித்தான் நடுங்கியது. மச்சானைப் பார்த்து வாங்கிய அதே கம்பெனி, அதே மாடல். இதே மெக்கானிக்தான் பார்த்தார். காயில் மாற்ற வேண்டும் என்றார். ஒரிஜினலுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும், “யோசிச்சுச் சொல்றேன்” என்று வண்டியை நடுங்க நடுங்கவே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான்.

மச்சான் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். “அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க மாப்பிள்ளை” என்று சாவியை இவனிடம் கொடுத்திருந்தார். ஸ்டார்ட் பண்ணப் போனவன் பானட்டைத் திறந்தான். ஒரு கிளிப், ஒரு போல்ட். பல்பு மாற்றுகிற வேலைதான். அவர் காயில் இவன் வண்டிக்கும், இவன் காயில் அவர் வண்டிக்கும் போனது.

சும்மாத்தானே நிக்குது, அவர் வர்றதுக்குள்ளே புதுசு வாங்கி மாட்டிடலாம் என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். அடுத்த வாரம், அடுத்த சம்பளம் என்று தள்ளிப் போட்டதில் மச்சான் முந்திக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

“எங்க ஆபீஸ் வண்டி அத்தனையும் உன்கிட்டதான் வருது. நாளையிலேர்ந்து ஒண்ணுகூட வராது, பார்த்துக்கோ!”

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். “என் வண்டியைத் தொட்டுட்டீங்களா? தொடலைன்னா சாவியைக் குடுங்க. இன்னொரு நாள் வர்றேன்.”

சாவியை வாங்கிக்கொண்டு போயே விட்டார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது அவனுக்கு. ஒரு வரிதான். ஆனால் மச்சான் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்வார். மாமனார் காதுக்குப் போகும். அடுத்த முறை அந்த வீட்டில் சாப்பிட உட்காரும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

மச்சான் சட்டென்று இவன் பக்கம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்களும் இங்கேதானே வண்டியை விடறீங்க? இந்த ஆள் இப்படிப் பண்ணியிருப்பார்னு நினைக்கறீங்களா?”

மெக்கானிக்கும் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. திக்கிப் பேசுகிறவன் வார்த்தையை முடிக்கட்டும் என்று காத்திருப்போமே, அந்த மாதிரி ஒரு பார்வை.

வாயைத் திறந்தான்.

“காலம் கெட்டுக் கிடக்கு மச்சான். இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறது?”

அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். “சரி சார். தப்பு என்னோடதாவே இருக்கட்டும். புதுசு மாட்டித் தர்றேன், காசு வேண்டாம்.”

மாட்டினார். வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது.

வழியில் அவன்தான் ஆரம்பித்தான். “விடுங்க மச்சான். வேற மெக்கானிக்கா இல்லை?”

மச்சான் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். ஒர்க்‌ஷாப்பில் கத்திய மனிதரா என்று தோன்றும்படி, மெதுவாகப் பேசினார்.

“காயிலுக்குக் காலையிலேயே காசு கொடுத்துட்டேன் மாப்பிள்ளை.”

“காலையிலேயா?”

“வண்டியை அப்பவே கொண்டுபோய்க் காட்டிட்டேன். கழட்டினதும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கெட்ட காயில்னா சிவப்புப் பெயின்ட்டால ஒரு கோடு போடுவாராம். போன மாசம் உங்க வண்டியில போட்ட கோடு, என் வண்டியில இருந்தது.”

அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. கார்க் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

“வீட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வச்சு எப்படிக் கேட்கறது? எனக்கு நாக்கு எழலை. தொலையட்டும், பேசாம விட்டுடறேன்னுதான் சொன்னேன். அவர்தான் கேட்கலை. மனசுல வச்சுக்கிட்டே பழகினா உறவு கெட்டுடும்னார்.”

“அப்ப... நீங்க அவரைத் திட்டினது?”

“அவர் சொல்லித்தான் திட்டினேன். ‘நாலு பேர் முன்னாடி என்னை நல்லாத் திட்டுங்க சார். செய்யாத தப்புக்கு ஒருத்தன் ஏச்சு வாங்கறதை உங்க மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்’னார்.”