பன்னிரண்டடி வாழ்த்து

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்துப் பேனர் கடையில், தானே வரைந்த குண்டெழுத்துகளைக் கணினித் திரையில் துள்ளவிட்டுக் காட்டினான் ரொடேல்.

"'வாழ்த்துகள், இன்ஜினியர் ஜுன்.' சரியா அக்கா?"

"எழுத்தை இன்னும் குண்டாக்கு தம்பி," என்றாள் லிகாயா.

"ஆக்கினா பேனர் பன்னிரண்டடி வந்துடும்."

"வரட்டும். பரீட்சையில பாஸானவங்களுக்கு கவுன்சிலர்தானே இனாமா அடிச்சுத் தர்றாரு."

தன் எழுத்துக்கு இப்படியொரு ரசிகையா என்று ரொடேலுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜுன் போட்டோ குடுங்க, நடுவுல வைக்கிறேன்."

"அப்படி யாரும் இல்லப்பா. வீட்டுக் கூரை ஒழுகுது. வெறும் தார்ப்பாய் கேட்டா கவுன்சிலர் தருவாரா?"

ரொடேலின் முகம் தொங்கிப்போனது.

"வருத்தப்படாதே தம்பி. உன் எழுத்தை உள்பக்கமா திருப்பிப் போடறேன். தினமும் படுத்துக்கிட்டே படிப்பேன்."