சமையலறையில் ஒரு வாக்கெடுப்பு

மக்களாட்சிதான் மனித குலத்தின் மகத்தான சாதனை. ஓல்டம் நகர்மன்ற உறுப்பினர் கீத் ஆஷ்வொர்த் அதைத் தேநீர்க் கோப்பையில் கரண்டியால் தட்டித் தொடங்கி வைக்கிறார். மகள் இமொஜெனுக்கு அரசியல் படிக்கத் தொலைவிலுள்ள எடின்பரோவிலும், பக்கத்து மான்செஸ்டரிலும் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. இன்று ஒன்றை முதல் தேர்வாகக் குறித்தாக வேண்டும். மழை வழியும் சன்னலின் சாம்பல் வெளிச்சம் மடிக்கணினியின் மேல் கிடக்கிறது. எடின்பரோவின் கற்படிகளில் நின்று அவள் சிரிக்கும் படம் திரையை விட்டு இன்னும் போகவில்லை. “நம்ம வீட்ல சர்வாதிகாரம் கிடையாது கண்ணு. உன் முடிவுதான். மான்செஸ்டர்னா தினமும் வீட்டுச் சாப்பாடு, அவ்ளோதான் சொல்வேன். சரி, எடின்பரோவுக்கு ஆதரவா யாரு?” பாத்திரம் கழுவும் அம்மா லினெட் திரும்பாமலே கேட்கிறாள்: “நாய்க்கும் ஓட்டு உண்டா, கீத்?” “அவையில அமைதி வேணும்!” இமொஜெனின் கை மேசையிலிருந்து கிளம்புகிறது, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிவிடுகிறது. “மான்செஸ்டருக்கு?” கீத்தின் கை தேர்தல் சுவரொட்டியில் இருப்பது போலவே உயர்கிறது. லினெட்டின் உயர்ந்த கையிலிருந்து சோப்பு நுரை முழங்கை வரை வழிகிறது. இருவரும் மகளைப் பார்க்கிறார்கள். டோஸ்ட் கருகும் வாசனை வருகிறது, யாரும் அசையவில்லை. “ஏகமனதா நிறைவேறிடுச்சு,” என்கிறார் கீத். அதில் பொய்யில்லை. மூன்றாவதாக உயர்ந்திருக்கும் கை இமொஜெனுடையது.