கூப்பிட்ட காரணம்

உள்ளே வரும்போதே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"யாருக்கு டாக்டர்? பிரசவ கேஸா?"

அவள் எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"போன வாரந்தான் குடுத்தேன். மூணு மாசம் ஆவணும்னு தெரியும். நீங்களே போன் போட்டிருக்கியன்னா அவசரமாத்தானே இருக்கும். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். எடுத்துக்கிடுங்க."

கையை மேஜைமேல் நீட்டினான். விரலிடுக்கில் நீலப் பெயின்ட். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. பெயர் இசக்கிராஜ். ஓ நெகட்டிவ். அந்த ரத்த வங்கியில் எல்லோருக்கும் அவன் போன் நம்பர் மனப்பாடம்.

அவளுக்கும்தான்.

டாக்டராகி, ரத்த மாற்று மருத்துவத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். ரத்தத்தைப் பிரிக்கத் தெரியும். பொருத்தம் பார்க்கத் தெரியும். சேராத ரத்தம் ஏறிவிட்டால் முதலில் எதை நிறுத்த வேண்டும், அடுத்து எதைக் கொடுக்க வேண்டும், எல்லாம் தெரியும்.

இதை மட்டும் தனியாகச் செய்ததில்லை. பேராசிரியர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இன்று அவர் வரவில்லை. "நீயே பேசு" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

"உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன் டாக்டர்."

சிரித்தான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

"போன வாரம் எடுத்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணினோம். எச்.ஐ.வி. இருக்கலாம்னு காட்டுது. சந்தேகப்பட்டு மறுபடியும் பண்ணினோம். அப்பவும் அப்படித்தான் காட்டுது."

சொல்லிவிட்டாள்.

பக்கத்து அறையில் ரத்தப் பைகளை ஆட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சத்தமாக அது ஓடும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

நீட்டிய கையை அவன் மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் 'வீடு' என்று இருந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

அவள் பேசினாள். இன்னொரு முறை ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். மாடியில் எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையம் இருக்கிறது, அவளே கூட வருவாள். மாத்திரை இலவசம். விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல இருக்கலாம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று அங்கே உதவுவார்கள்.

அத்தனையும் உண்மை. ஒன்றாவது அவன் காதில் ஏறியதா என்று தெரியவில்லை.

ரத்தம் எடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எத்தனையோ தடவை ஊசியைப் பார்த்துக்கொண்டே கொடுத்தவன்.

பஞ்சை வைத்து ஒட்டினாள்.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"பொங்கலுக்கு முன்ன ஒரு தடவ குடுத்தேம்லா. அது?"

அந்தப் பையை அவள்தான் தன் கையால் கொடுத்து அனுப்பினாள். அப்போது பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. புதிதாகத் தொற்றிய கிருமி சில வாரம் சோதனையில் சிக்காமல் இருக்கும். அதை அவனுக்குப் புரியும்படி சொன்னாள்.

"யாருக்கு ஏத்துனிய?"

"அதைச் சொல்லக் கூடாது. அவங்களையும் வரச் சொல்லியிருக்கோம். அப்போ உங்களுக்கே இல்லாமலும் இருந்திருக்கலாம். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்."

"சின்னப் பிள்ளையா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பதிலாகிவிட்டது.

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழவில்லை. மூச்சு மட்டும் விரலிடுக்கில் வந்து போனது.

வெகுநேரம் கழித்து எழுந்தான்.

"மாடிக்குப் போவலாம் டாக்டர்."

அவள் கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் ஒரு அம்மா. பக்கத்தில் பச்சைப் பாவாடை கட்டிய சிறுமி. டாக்டர் அவர்களை மதியத்துக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"வெரசாவே பஸ் கெடச்சிட்டு டாக்டரம்மா" என்று அந்த அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். அவன் கையில் இருந்த பஞ்சைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரத்தம் குடுத்தியளா தம்பி? அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான். இவளுக்குப் பொறவியிலேயே ரத்தம் ஊறாது. மாசாமாசம் ஏத்தணும். ஓ நெகட்டிவ். ஒங்களைப் போல யாரோ பெத்த புள்ளைங்க குடுத்துத்தான் இவ ஓடியாடித் திரியுதா."

அவன் திரும்பி டாக்டரைப் பார்த்தான்.

அவள் அப்போதே பார்வையைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்ப முடியவில்லை.

"நீங்க உள்ள வாங்கம்மா" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

சிறுமி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஊசி போடுவாங்க. நான் வரல."

அந்த அம்மா சிரித்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, சித்த நேரம் இவளைப் பாத்துக்கிடுதியளா? இந்தா வந்துடுதேன்."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் போயிருக்கலாம். படிக்கட்டு பக்கத்திலேயேதான் இருந்தது.

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான்.

சிறுமி அவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். பஞ்சைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினாள்.

"வலிச்சுதா மாமா?"

அவன் சொன்னது டாக்டருக்குக் கேட்கவில்லை.

கதவைச் சாத்த வேண்டியிருந்தது.